யாருடைய பழசு? டிக்கோயா பங்களாவும் லயத்துச் சுவரும்

"விண்டேஜ்" ஸ்டைலில் வீட்டை அலங்கரிக்கிறது இப்போ நம்ம வயசுக்காரர்களுக்குப் பெரிய ஆசை. மங்கலான மஞ்சள் வெளிச்சம், மரத்துச் சாய்வு நாற்காலி, பழைய ரேடியோ, சுவரில் கறுப்பு வெள்ளை போட்டோ, மூலையில் ஒரு தகரத்து ட்ரங்குப் பெட்டி, அதுக்கு மேல நாலு பழைய புத்தகம். கொழும்பில் சின்ன ரூம் எடுத்துத் தங்கி வேலை பார்க்கிற மலையகப் பிள்ளைகளின் போனிலும் இந்தப் படங்கள் நிறைஞ்சு கிடக்கு. குளிர்காலத்து சாயங்காலம், கையில் சூடான கோப்பை, பக்கத்தில் பழைய பொருள்கள். பார்த்தாலே மனசுக்கு இதமா இருக்கு. அதில் தப்பு ஒன்னும் இல்லை.

ஆனா ஒரு கேள்வி. அந்தப் படத்தில் இருக்கிறது யாருடைய பழசு?

முதல்ல சொற்களைப் பார்ப்போம். ஆங்கிலத்தில் "விண்டேஜ்" என்பது ஆதியில் திராட்சை அறுவடையைக் குறித்த சொல். பிறகு குறிப்பிட்ட ஒரு வருஷத்து அறுவடையில் செய்த வைனுக்கு ஆகி, கடைசியில் நல்ல பழைய பொருள் எல்லாத்துக்கும் பொதுப்பெயர் ஆனது. கதகதப்பான, இதமான இடத்தைச் சொல்ற "கோசி" என்ற சொல் ஸ்கொட்லாந்துக்காரர்களுடையது. தேத்தண்ணிப் பாத்திரம் ஆறாமல் இருக்க அதுக்கு மேல போர்த்துகிற துணி உறைக்கும் அதே பேர்தான்: டீ கோசி. ஒன்னு அறுவடைச் சொல், இன்னொன்னு தேத்தண்ணிப் பாத்திரத்துக்குப் போர்வை. கொழுந்து பறிச்ச குடும்பங்களில் பிறந்த நமக்கு இரண்டுமே ஒரு வகையில் சொந்தக்காரச் சொற்கள்தான். அதனால இந்த ஸ்டைலின் வரலாற்றை டிக்கோயாவில் இருந்தே பேசலாம்.

காப்பி மரத்தில் செய்த மேசைக் கால்

ஹட்டனிலிருந்து டிக்கோயா வழியா நோர்வூட், பொகவந்தலாவ நோக்கிப் போகிற பாதையில் இரண்டு பக்கமும் தேயிலை. மலை உயரத்தில் இருக்கிற இந்தப் பள்ளத்தாக்கு 1860, 70களில் காட்டை வெட்டித் திறக்கப்பட்டபோது அங்கே நட்டது தேயிலை இல்லை, காப்பி. 1869இல் இலங்கையில் காப்பி இலைத் துரு நோய் தலைகாட்டியது. அடுத்த 20 வருஷத்துக்குள் காப்பித் தோட்டங்கள் பெரும்பாலும் அழிந்தன. ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் 1867இலேயே லூல்கந்துர தோட்டத்தில் தேயிலையை வணிகப் பயிராக நட்டிருந்தார். மற்றவர்களும் அந்த வழிக்குத் திரும்பினார்கள். 1884இல் ரயில் ஹட்டனுக்கு வந்தது.

செத்துப்போன காப்பி மரங்கள் என்ன ஆச்சு? பட்டை உரித்து, கிளை கழித்து, அடிமரங்களைக் கப்பலில் இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். அங்கே அவை டீ மேசைகளுக்குக் கால்கள் ஆயின. இலங்கைத் தேயிலை வரலாற்றில் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிற செய்தி இது. இன்றைக்கு அந்த மாதிரி மேசை ஒன்று லண்டன் ஏலத்துக்கு வந்தால் "விக்டோரியா காலத்து விண்டேஜ்" என்பார்கள். அந்த மரத்தை நட்டவர், களை எடுத்தவர், கடைசியில் தறித்தவர் பேர் எந்தச் சீட்டிலும் இருக்காது.

இப்போ பங்களாவுக்கு வருவோம். "பங்களா" என்ற சொல்லே வங்காளத்திலிருந்து வந்தது. வங்காளத்துக் கிராம மக்கள் கட்டிக்கொண்ட, கூரை தாழ்ந்த, ஒற்றை மாடி வீட்டைப் பார்த்து ஆங்கிலேயர் எடுத்துக்கொண்ட வடிவம். நம்ம மலையில் முதல் துரைமார் இருந்தது மரக்கட்டையும் புல்லும் வைத்துக் கட்டின குடிசைகளில்தான். தேயிலையில் காசு பார்த்த பிறகுதான் கல் சுவர், பலகைத் தளம், அகலமான விறாந்தை, ஒவ்வொரு அறையிலும் நெருப்புக் கணப்பு, ரோஜாத் தோட்டம் எல்லாம் வந்தது. மேட்டில் பங்களா, சரிவில் பெக்டரி, பள்ளத்தில் லயம் என்கிற அமைப்பும் அப்படியே நிலைச்சது. ஸ்கொட்லாந்தின் குளிரில் வளர்ந்த ஆட்கள் இந்தக் குளிரில் தங்கள் ஊரைத் திரும்பக் கட்டிப் பார்த்தார்கள். டிக்கோயாவில் 1878இல் எழுந்த வோர்லி கிறிஸ்து ஆலயத்தைப் பார்த்தால் இது புரியும். கருங்கல் சுவரும் சுற்றிக் கல்லறைகளுமாக, ஏதோ பிரித்தானியக் கிராமத்திலிருந்து பெயர்த்து வைத்த மாதிரி நிற்கும்.

ஆக, இன்றைக்கு நாம் "விண்டேஜ்" என்று ஆசைப்படுகிற காட்சியில் பாதி, துரைமாருக்கு ஊர் ஞாபகம் வந்ததில் பிறந்தது. அவர்களும் தங்கள் பாட்டி வீட்டைத்தான் தேடினார்கள். அது மனித சுபாவம். ஆனா அந்தக் கதகதப்பை உண்டாக்கியது யார்?

கணப்புக்கு விறகு பிளந்தவர் ஒருவர். சமையல் அப்பு ஒருவர். பலகைத் தளத்தை மெழுகு போட்டுத் தேய்த்துக் கண்ணாடியாக்கியவர் ஒருவர். பித்தளைக் கைப்பிடிகளைத் துலக்கியவர், ரோஜாவுக்குத் தண்ணீர் ஊற்றியவர், துணி வெளுத்தவர் என்று ஒரு பங்களாவுக்கு ஒரு கூட்டமே வேலை செய்தது. துரை சாய்வு நாற்காலியின் நீண்ட கைகள் மேல் கால் நீட்டிப் படுத்திருந்தபோது, அந்த நாற்காலியைத் துடைத்தவர் லயத்திலிருந்து மேட்டுக்கு ஏறி வந்தவர். "பங்களா வேலை" என்று சொன்னால் மலைக்குப் போகிறதைவிடக் கொஞ்சம் மேல் என்று ஒரு பேச்சு இருந்தது. மழையில் நனைய வேண்டாம், அவ்வளவுதான். பங்களாவில் கணப்புக்குப் பக்கத்தில் ஒருவர் மெதுவாகக் கண் முழிக்கிற நேரத்தில், கீழே பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்டு முடிந்து, கம்பளியும் படங்கும் கட்டிக்கொண்டு ஆட்கள் மலை ஏறியிருப்பார்கள்.

ஆணி அடிக்க முடியாத சுவர்

"லயம்" என்பது "லைன்" என்ற ஆங்கிலச் சொல்லின் நம்ம வடிவம். வரிசை என்று அர்த்தம். ஒரே கூரைக்குக் கீழே, ஒன்றோடொன்று ஒட்டின காம்பராக்கள். இரட்டை லயம் என்றால் முதுகோடு முதுகு ஒட்டி இரண்டு வரிசை. ஒரு காம்பரா பெரும்பாலும் 10 அடிக்கு 12 அடி. முன்னால் சின்ன ஸ்தோப்பு. உள்ளேயே அடுப்பு, அதுக்கு மேல விறகு காய வைக்கிற பரண். ஒரு குடும்பத்தின் பிறப்பு, கல்யாணம், சாவு எல்லாம் அதுக்குள்ளேதான்.

இந்த இடத்தை நம்ம ஆட்கள் அலங்கரிக்கவில்லையா? அலங்கரித்தார்கள். அதுக்கு யாரும் பேர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

மண் தரையை வெள்ளிக்கிழமைதோறும் சாணம் போட்டு மெழுகினார்கள். வாசலில் கோலம் விழுந்தது. தோட்டம் அடிக்கிற வெள்ளைச் சுண்ணாம்பில் கொஞ்சம் சலவை நீலம் கலந்தால் வானத்து நிறம் வந்தது. புகையும் குளிர்காற்றும் அடைக்க, கோதுமை மாவில் பசை காய்ச்சிச் சுவர் முழுக்கப் பத்திரிகைத் தாள் ஒட்டினார்கள். 1930இல் தொடங்கிய வீரகேசரியும் 1932இல் தொடங்கிய தினகரனும் வாசிக்கப்பட்டது ஒரு நாள், சுவரில் வாழ்ந்தது பல வருஷம். அந்தத் தாளைப் பார்த்தே எழுத்துக் கூட்டிப் படிச்ச பிள்ளைகள் உண்டு. இன்றைக்கு "நியூஸ்பேப்பர் வோல்பேப்பர்" என்று தனியா ரோல் ரோலா விற்கிறார்கள். சுவரில் கிழிசலை மறைக்கப் பிறந்த யோசனை அது என்று வாங்குகிறவர்களுக்குத் தெரியாது.

சுவரில் அடுத்தது சாமிப்படம். கோவில்பட்டியில் இருந்த கொண்டையராஜுவும் அவர் சீடர்களும் வரைந்து, சிவகாசியில் அச்சான தெய்வப் படங்கள் தமிழ் வீடுகள் எங்கும் போய்ச் சேர்ந்தன. முருகனும் லட்சுமியும் இப்படித்தான் இருப்பார்கள் என்று நம்ம கண்ணுக்குப் பழக்கியது அந்தப் படங்கள்தான். பக்கத்திலேயே கண்டியில் பிறந்த எம்.ஜி.ஆர். பத்திரிகையிலிருந்து வெட்டின படமாகச் சிரித்துக்கொண்டிருப்பார். ஹட்டன் கடைகள் கொடுத்த கலண்டர்கள் வருஷம் முடிஞ்சாலும் இறங்காது. தேயிலைத் தூள் நிரப்பி அனுப்ப வந்த தேயிலைப் பெட்டியின் பலகை, அலுமாரியாகவும் மேசையாகவும் பிள்ளைக்குத் தொட்டில் கட்டையாகவும் மறுபிறவி எடுத்தது. மின்சாரம் இல்லாத காலத்தில் பெட்டரி போட்டு இலங்கை வானொலி கேட்ட ரேடியோ, அதுக்கு ஒரு பின்னல் உறை. இரவுக்குக் குப்பி லாம்பு.

மின்சாரம் என்றதும் ஒன்னு சொல்லணும். டிக்கோயாவின் அழகு என்று எல்லாரும் படம் எடுக்கிற காசல்ரீ நீர்த்தேக்கம் 1965இல் வந்தது. கெஹெல்கமு ஓயாவை மறித்துக் கட்டின அணை. அந்தத் தண்ணீர் கீழே போய் மின்சாரம் ஆகி நாட்டுக்கு வெளிச்சம் கொடுத்தது. அணைக்கு மேலே இருந்த லயங்களில் அதுக்குப் பிறகும் பல வருஷம் குப்பி லாம்புதான் எரிஞ்சது. இன்றைய கஃபேயில் வேண்டுமென்றே மங்கலாக வைக்கிற வெளிச்சத்துக்கும் அந்த மங்கலுக்கும் வித்தியாசம் ஒன்னே ஒன்னு. இவர்கள் சுவிட்சைப் போட்டால் பிரகாசமாகிடும்.

இதுதான் நாங்கள் சொல்ல வருகிற விஷயம். ஒரு பொருள் பழசானதால் மட்டும் விண்டேஜ் ஆகிறதில்லை. அதை வைத்துக்கொள்ள ஒருவருக்கு இடம் வேணும். இந்தச் சுவர் என்னுடையது, இதில் நான் ஆணி அடிப்பேன், இந்தப் பெட்டி அடுத்த 50 வருஷமும் இந்த மூலையில்தான் இருக்கும் என்று சொல்கிற உரிமை வேணும். லயத்தில் அந்த உரிமை இல்லை. ஒரு ஜன்னல் வைக்கணும், பின்னால் ஒரு சமையல் பத்தி இறக்கணும் என்றால் துரையிடம் கேட்கணும். வேலை போனால் காம்பராவும் போகும்.

இதை நீதிமன்றம் வரைக்கும் கொண்டுபோன சம்பவம் ஒன்று இருக்கு. 1946இல் கேகாலை மாவட்டத்து நேவ்ஸ்மியர் தோட்டத்தை, கிராம விரிவாக்கத்துக்கு என்று அரசாங்கம் எடுத்தது. அங்கே இருந்த தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களை வெளியேறச் சொன்னார்கள். அவர்கள் போகவில்லை. அதை எதிர்த்துத் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தமும் நடந்தது. போக மறுத்தவர்கள் மீது அத்துமீறல் என்று குற்றவியல் வழக்கு. தன் வீட்டில் இருந்ததுக்கே "அத்துமீறல்". சின்னசாமி செல்வநாயகம் என்ற தொழிலாளியின் வழக்கு லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் வரைக்கும் போய், தொழிலாளி பக்கம் தீர்ப்பானது. தன் வீட்டில் தொடர்ந்து இருக்கணும் என்று ஒருவர் நினைப்பது, இன்னொருவருக்குத் தொந்தரவு கொடுக்கிற நோக்கம் ஆகாது என்பதுதான் அதன் சாரம். லயக் காம்பராவும் ஒரு வீடுதான் என்று நிரூபிக்க அவ்வளவு தூரம் போக வேண்டியிருந்தது.

1948இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் வந்தது. மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானவர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். தலவாக்கலையிலிருந்து 1947இல் நாடாளுமன்றத்துக்குப் போன எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை, பின்னாளில் தன் நாவல் ஒன்றுக்கு வைத்த பேர் "வீடற்றவன்". நாடும் வீடும் ஒரே சொல்லாகிப்போன காலம் அது.

நம்ம வீட்டில் ஏன் பழைய சாமான் இல்லை?

"எங்க பாட்டி வீட்டில் அப்படிப் பழைய பொருள் ஒன்னும் இல்லையே" என்று நம்மில் பலர் சொல்வோம். ஏன் இல்லை என்பதுக்குக் காரணம் இருக்கு.

1964 அக்டோபரில் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம். நாடற்றிருந்த 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று இரண்டு அரசாங்கங்கள் எண்ணிப் பங்கு போட்டன. 1974இல் அந்த மீதியையும் ஆளுக்கு 75,000 என்று பிரித்துக்கொண்டார்கள். ஒரே குடும்பத்தில் அண்ணனுக்கு அந்தப் பக்கம், தங்கச்சிக்கு இந்தப் பக்கம் என்று ஆனது.

போகிறவர்கள் எதைக் கொண்டுபோக முடியும்? தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரத்துக்கு ஓடின "ராமானுஜம்" கப்பலில் ஏற்றக்கூடியதை மட்டும். அப்படித்தான் ட்ரங்குப் பெட்டி நம்ம வரலாற்றின் முக்கியமான தளபாடம் ஆனது. மேல்மூடியில் பெயின்டால் பேரும் போகிற ஊரும் எழுதி, உள்ளே துணி, சாமிப்படம், பத்திரங்கள். அம்மிக்கல்லையும் ஆட்டுக்கல்லையும் பக்கத்துக் காம்பராவுக்குக் கொடுத்துட்டுப் போனார்கள். போன பலர் கூடலூர், கோத்தகிரி என்று நீலகிரிப் பக்கம் மறுபடியும் தேயிலைக்கே போய்ச் சேர்ந்தார்கள். தாயகம் திரும்பியவர்களுக்காகத் தமிழ்நாடு அரசு நடத்திய தேயிலைத் தோட்டங்களில் அவர்களுக்குக் கிடைத்ததும் லைன் வீடுதான்.

இருந்தவர்களுக்கும் சாமான் மிஞ்சவில்லை. 1973, 74இல் நாடு முழுக்க உணவுத் தட்டுப்பாடு. தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நடந்தன. அந்த நாட்களில் பித்தளை அண்டா, குத்துவிளக்கு, தோடு, மூக்குத்தி எல்லாம் மாவுக்கும் மரவள்ளிக்கும் கை மாறினதைப் பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள். நகரத்துப் பழம்பொருள் கடையில் ஒரு பழைய பித்தளைக் குடத்தைப் பார்த்து "ஐயோ எவ்வளவு அழகு" என்று நாம் நிற்கும்போது, அது எந்த வீட்டிலிருந்து, எந்த வருஷம், எத்தனை கொத்து மாவுக்கு வந்திருக்கும் என்றும் ஒரு நிமிஷம் யோசிக்கலாம்.

பங்களாவுக்கு இந்தச் சிக்கல் இல்லை. 1972, 75 காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசாங்கத்துக்குப் போயின. 1992இல் நிர்வாகம் தனியார் கொம்பனிகளுக்கு வந்தது. துரைமார் மாறினார்கள், வெள்ளைக்காரர் போய் நம்ம நாட்டுக்காரர் வந்தார்கள். மேசையும் கணப்பும் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருந்தன, பங்களாச் சாமான் தோட்டத்துச் சொத்து என்பதால். நூறு வருஷம் ஒரே இடத்தில் இருந்த நாற்காலி விண்டேஜ் ஆகும். பத்துத் தடவை இடம் மாறின நாற்காலி விறகாகும்.

பழசுக்கு வந்த விலை

2005இல் டில்மா தேயிலைக் குடும்பத்தின் "சிலோன் டீ ட்ரெயில்ஸ்" தொடங்கியது. காசல்ரீ, நோர்வூட், பொகவந்தலாவ பக்கத்துப் பழைய துரை பங்களாக்களைப் புதுப்பித்து ஹோட்டல் ஆக்கினார்கள். அதில் ஒன்றான டியென்சின் பங்களா 1888இல் கட்டினது. கணப்பு, நகக் கால் வைத்த குளியல் தொட்டி, வெள்ளிப் பாத்திரத்தில் தேத்தண்ணி. ஒரு இரவுக்கு நூற்றுக்கணக்கான டொலர். நல்ல வேலைப்பாடு, பழைய கட்டடங்களை இடிக்காமல் காப்பாற்றினதுக்குப் பாராட்டணும். இதுக்கு முன்னாலேயே, 1996இல், கந்தப்பளையில் ஹெதர்செட் தேயிலை பெக்டரி ஒன்றும் அப்படியே ஹோட்டல் ஆகியிருந்தது. கொழுந்து உலர்த்தின தட்டு இப்போ படுக்கை அறைகள்.

அதே மலையில் கொழுந்து பறிக்கிறவரின் நாள் சம்பளம் 1,000 ரூபாயாக வர்த்தமானியில் வந்தது 2021இல். அதுக்காக வருஷக்கணக்காகப் போராட வேண்டியிருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேற விளக்கம் தேவையில்லை.

நூதனசாலைகளிலும் இதே கதைதான். கண்டிக்குப் பக்கத்தில் ஹந்தானையில் 1925இல் கட்டின பழைய பெக்டரியில் இலங்கைத் தேயிலை நூதனசாலை 2001இல் திறந்தது. மெஷின்கள், டெய்லரின் நினைவுப் பொருள்கள் எல்லாம் இருக்கு. தொழிலாளியின் வீடு? அதுக்கு 2007 வரைக்கும் காத்திருக்கணும். கம்பளைக்குப் பக்கத்தில் ஓல்ட் பீகொக் தோட்டத்தில், ஒரு பழைய லயத்தையே திருத்தி, கண்டியில் இயங்குகிற சமூக அபிவிருத்தி நிறுவனம் தேயிலைத் தொழிலாளர் நூதனசாலையை உருவாக்கியது. உரல், விளக்கு, கூடை, தப்பு, பழைய பத்திரங்கள் எல்லாம் அவை புழங்கின மாதிரி இடத்திலேயே இருக்கு. வீடு அலங்கரிக்கிற ஆசை இருக்கிறவர்கள் ஒரு தடவை அங்கே போய் வரணும் என்பது எங்கள் சிபாரிசு. எந்த டிசைன் பக்கத்திலும் இல்லாத நிறங்கள் அங்கே இருக்கு.

புது வீட்டில் எதை வைக்கிறது?

இப்போ ஏன் இதைப் பேசுகிறோம்? லயங்கள் மெதுவாக, ரொம்ப மெதுவாகத்தான், காலியாகத் தொடங்கியிருக்கு. 7 பேர்ச் காணியில் தனி வீடு என்ற திட்டத்தில் சில குடும்பங்கள் போய்விட்டன. இந்தியாவின் உதவியில் 4,000 வீடுகள், அதோடு இன்னும் 10,000 என்று 2017 மே மாதம் நோர்வூட் மைதானத்தில் மோடி அறிவித்தார். அதே நாளில்தான் டிக்கோயா கிளங்கன் ஆஸ்பத்திரியின் புதிய கட்டடமும் திறந்தது. 2023இல் மலையக மக்கள் வந்து 200 வருஷம் என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தபோதும் முதல் கோரிக்கைகளில் ஒன்று காணியும் வீடும்தான். எத்தனையோ குடும்பத்துக்கு இன்னும் காணி உறுதி கைக்கு வரவில்லை.

வீடு மாறுகிற நாளில்தான் பழைய சாமான் குப்பைக்குப் போகும். "இந்தக் கறுத்துப்போன பெட்டி எதுக்கு, புது வீட்டுக்கு அசிங்கம்" என்று அம்மாமாரே சொல்வார்கள். அவர்களுக்கு அது கஷ்ட காலத்தின் அடையாளம். அந்த உணர்வை நாம் மதிக்கணும். புகையும் ஒழுகுற தகரமும் இருமலும் அழகு இல்லை. லயத்தைச் சினிமா செட் மாதிரி ரசிக்கிறதும், பங்களாவைக் காப்பி அடிக்கிறதும் இரண்டுமே அரைகுறைதான்.

அதனால சில யோசனைகள் மட்டும்.

ட்ரங்குப் பெட்டி இருந்தால் அதுக்குப் புது பெயின்ட் அடிக்காதீங்க. மூடியில் இருக்கிற பேர், தோட்டத்துப் பேர், ஊர்ப் பேர்தான் அதன் மதிப்பு. துருவை மெதுவாகத் துணியால் துடைத்து, உள்ளே காய்ந்த தாள் விரித்தால் போதும்.

பழைய போட்டோ, பிறப்புச் சான்று, குடியுரிமைப் பத்திரம், தோட்டத்து அட்டை எதையும் லெமினேட் பண்ணாதீங்க. சூடும் பசையும் காலப்போக்கில் தாளைக் கெடுக்கும், பிறகு பிரிக்கவே முடியாது. மூலத்தைக் கவருக்குள் போட்டு, ஈரம் வராத அலுமாரியில் வைங்க. சுவருக்குப் பிரதி போதும். நம்ம ஊர் ஈரத்துக்கு வெளிச்சுவரில் மாட்டின படத்தில் பூஞ்சணம் பிடிக்கும். உள்சுவரில், வெயில் நேராகப் படாத இடத்தில் மாட்டுங்க.

கொழுந்துக் கூடையை விளக்குக்கு மேல கவிழ்த்து லாம்பு ஷேட் ஆக்குகிற ஒரு ஸ்டைல் ஓடுது. அழகாத்தான் இருக்கு. அந்தக் கூடையைச் சுமந்தவர் உங்கள் வீட்டிலேயே இருந்தால் முதலில் அவரைக் கேளுங்க. தலையில் கயிறு பதிந்த தழும்போடு இருக்கிறவருக்கு அது அலங்காரமாகத் தெரியுமா என்று அவர்தான் சொல்லணும்.

பெயர்த்துப் போட்ட பழைய தேயிலை மரத்தின் அடிக்கட்டையை மெருகேற்றி, மேல கண்ணாடி வைத்து டீப்போ செய்து விற்கிறார்கள். வாங்க முடிந்தால் வாங்குங்க. லயத்து அடுப்பில் எரிந்ததும் அதே கட்டைதான். அந்தக் காப்பி மரக் கால்களைப்போல இல்லாமல், இது நம்ம வீட்டிலேயே இருக்கட்டும்.

லயத்தைவிட்டுப் போகிறதுக்கு முன்னால் காம்பராவை ஒரு தடவை போட்டோ எடுத்து, நீளம் அகலம் அளந்து எழுதுங்க. சுவரில் ஒட்டின தாளில் தேதி தெரிந்தால் அதையும் சேர்த்து எடுங்க. எத்தனை பேர் அங்கே படுத்தோம், யார் எந்த மூலையில் என்று ஒரு கோட்டுப் படம் போடுங்க. பத்து நிமிஷ வேலை. நாளைக்கு இதைக் கேட்டால் சொல்ல ஆள் இருக்காது.

கடைசியாக, எந்தப் பொருளை வைத்தாலும் அதன் பின்பக்கம் ஒரு சின்னத் தாள் ஒட்டி வைங்க. யார் வைத்திருந்தது, எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், எப்போ வாங்கினது, யாரிடமிருந்து. பாட்டி இருக்கும்போதே கேட்டு, அவர் சொல்ற சொல்லிலேயே எழுதுங்க. அப்புறம் சுவரில் ஆணி அடிச்சு மாட்டுங்க. நம்ம சுவர், யாரிடமும் கேட்கத் தேவையில்லை.